மர விதானத்தில் வாழும் பூச்சிகளையும் சிலந்திகளையும் கணக்கெடுப்பது எப்படி? கொங்கு நாட்டு மரங்களுக்கான வழிகாட்டி

ஒரு மரத்தில் எத்தனை வகைப் பூச்சிகள் வாழ்கின்றன என்ற கேள்விக்கு அடிமரத்தருகே நின்று விடை சொல்லிவிட முடியாது. வெயில் நேராக விழும் மேல் கொப்புகளில்தான் கொழுந்தும் பூவும் பிஞ்சும் மிகுதியாக இருக்கின்றன. இலையைத் தின்னும் புழுக்களும் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளும் அங்கே கூடுகின்றன; அவற்றைத் தேடி இரைவிழுங்கிகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சிலந்திகளும் போய்ச் சேர்கின்றன. கிளையும் இலையும் சேர்ந்து அமைக்கும் இந்த மேற்பரப்பைத்தான் விதானம் என்கிறோம்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய டெர்ரி எர்வின் என்ற பூச்சியியலாளர், பனாமா நாட்டுக் காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் விதானத்துக்குள் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்தவற்றைச் சேகரித்து எண்ணினார். வண்டினங்கள் மட்டும் ஏறத்தாழ 1,200 இருந்தன. அந்த எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு, வெப்பமண்டலத்தில் பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலி இனங்கள் 3 கோடி இருக்கக்கூடும் என்று 1982இல் அவர் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த மதிப்பீட்டை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் மரத்தின் மேற்பகுதியில் நாம் எண்ணிப் பார்க்காத ஒரு பெருங்கூட்டம் வாழ்கிறது என்பதை உலகம் உணர்ந்தது அந்த 19 மரங்களுக்குப் பிறகுதான்.

நம் பகுதியில் இந்த வேலைக்கு ஆனைமலையின் கரியன் சோலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) நிற்கும் வெள்வேல மரம், களத்து மேட்டு வேம்பு, சாலையோரப் புளி, ஊர்ப் பொதுவில் நிற்கும் ஆல், பொள்ளாச்சித் தென்னை ஆகிய ஒவ்வொன்றின் விதானத்திலும் தனித்தனிச் சமூகம் உண்டு. அவற்றை மரம் ஏறாமல், பெரிய செலவில்லாமல், விவசாயியோ ஆசிரியரோ கல்லூரி மாணவரோ கணக்கெடுக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்: எந்த முறையும் விதானத்தில் வாழும் எல்லாவற்றையும் காட்டாது. துணியில் விழுவது வேறு, இரவில் டார்ச் ஒளியில் தெரிவது வேறு, இலைக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்திருப்பது வேறு. ஆகவே இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்துக் கையாள வேண்டும். ஒவ்வொன்றையும் எல்லா மரத்திலும் ஒரே அளவில் செய்ய வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத கணக்கு, எவ்வளவு உழைத்துச் சேர்த்ததானாலும், எதனோடும் ஒப்பிட உதவாது.

மரத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுத்தல்

முதலில் அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தோட்டத்து மரங்களிலும், உரிமையாளர் ஒப்புக்கொண்ட நிலத்திலும் தாராளமாகத் தொடங்கலாம். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் பிற காப்புக்காடுகளிலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தப் பூச்சியையும் சேகரிக்கக் கூடாது. புழுதானே, சிலந்திதானே என்று எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டாம்பூச்சிகளும் வண்டுகளும்கூட இடம்பெற்றிருக்கின்றன.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கொறங்காட்டு வெள்வேல மரத்தைத்தான். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதால், ஒரு மரத்துப் பூச்சி பக்கத்து மரத்துப் பூச்சியோடு கலந்துவிட்டதோ என்ற ஐயம் குறைவு. ஆட்டுக்குக் காய் உதிர்ப்பதற்காக உலுக்கும் தாழ்ந்த கொப்புகள் கைக்கு எட்டும். இலைக்காம்பில் தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருப்பதால் எறும்புகள் இடைவிடாமல் வந்து போகும். எறும்பு இருக்கும் இடத்தில் எறும்பைப் போல வேடமிடும் சிலந்தியும் இருக்கக்கூடும். மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கும் பொன்வண்டு வேல இலையைத் தின்னத் தேடி வருகிறது. ஒரே இனத்தில் குறைந்தது ஐந்து மரங்களையாவது, உயரமும் பருமனும் ஏறக்குறைய ஒத்திருக்குமாறு தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு அந்த இனத்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் ஒரு முசுறு எறும்புக் கூடு இருந்தாலே அந்த மரத்தின் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

காலம் மிக முக்கியம். கொங்குச் சமவெளி மழைமறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து மரங்கள் தழைத்த பிறகு விதானத்தில் உயிர்கள் பெருகும். பங்குனி, சித்திரையில் வேம்பு துளிர்த்துப் பூக்கும்போதும், கோடை மழைக்குப் பின்னும் இன்னொரு நல்ல வாய்ப்பு கிடைக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்தில் கொப்புகளை ஓயாமல் உலுக்குவதால், துணியில் விழ வேண்டியவை காற்றில் பறந்துவிடும். அந்த மாதங்களில் இரவுக் கணக்கும் காய், இலைப் பரிசோதனையும் போதும். ஆனைமலைச் சரிவில் வேலை செய்ய அனுமதி கிடைத்தவர்களுக்கு இந்த நாட்காட்டி பொருந்தாது. அங்கே தென்மேற்குப் பருவமழையே பெரிது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று.

நாளில் எந்த நேரம் என்றால், பனி உலர்ந்து வெயில் ஏறாத காலை நேரம். இலை ஈரமாக இருந்தால் சிறு பூச்சிகள் துணியோடு ஒட்டி நசுங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் ஈயும் குளவியும் துணியைத் தொடும் முன்பே பறந்துவிடும். காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட பொழுதே இரண்டுக்கும் நடுவில் அமைகிறது.

கொப்பைத் தட்டிச் சேகரித்தல்

இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு இந்த முறைதான். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட வெள்ளைத் துணியை எடுத்து, நான்கு மூலையிலும் சிறு பை தைத்து, இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் விரித்த துணி தயார். துணி சற்றே தொய்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் விழுந்த வண்டு எகிறி வெளியே போய்விடும். தட்டுவதற்குக் கைப்பிடி அளவு தடிமனுள்ள ஒரு கோல், மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகள், மென்மையான தூரிகை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், குறிப்பேடு, பென்சில் ஆகியவை வேண்டும். மிகச் சிறிய பூச்சிகளைப் பிடிக்க ஒரு உறிஞ்சுகுப்பி செய்துகொள்ளலாம்: குப்பியின் ரப்பர் மூடியில் இரண்டு துளையிட்டு இரண்டு குழாய்களைச் செருகி, வாயில் வைக்கும் குழாயின் உள்முனையில் மெல்லிய வலைத்துணியை இறுகக் கட்டிவிட வேண்டும். வலைத்துணி கட்டாமல் ஒருபோதும் உறிஞ்சக் கூடாது.

வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் துணியைக் கொப்புக்கு அடியில் ஒட்டினாற்போலப் பிடிக்க, மற்றவர் கொப்பின் நடுப்பகுதியில் கோலால் சட்டென்று ஐந்து முறை தட்ட வேண்டும். முதல் தட்டிலேயே பெரும்பாலானவை விழும்; மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டினால், அவை விழிப்படைந்து காம்பை இறுகப் பற்றிக்கொள்ளும் அல்லது பறந்துவிடும். ஆகவே முதல் தட்டே உறுதியாக இருக்கட்டும், ஆனால் கொப்பு முறியக் கூடாது. ஒரு மரத்துக்குப் பத்துக் கொப்புகள், கொப்புக்கு ஐந்து தட்டுகள், எல்லாக் கொப்பும் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில், மரத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் இருக்கும்படி என்று ஒரு வரையறையை வகுத்துக்கொண்டு, அதைக் கடைசி மரம் வரை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். உயரக் கொப்புகளைத் தொட வேண்டுமானால் தொரட்டியால் வளைத்துப் பிடித்துத் தட்டலாம். தாழ்ந்த கொப்புக்கும் உச்சிக் கொப்புக்கும் கணக்கைத் தனித்தனியே எழுத வேண்டும். உச்சியில் வெயில் அதிகம், இலை தடித்திருக்கும், வாழ்பவையும் வேறாக இருக்கும்.

துணியில் விழுந்தவற்றை எடுக்கும் வரிசையும் ஒரு பாடம். பறப்பவற்றையும் தாவுபவற்றையும் முதலில் பிடியுங்கள்: ஈ, சிறு குளவி, தத்துப்பூச்சி. அடுத்து ஓடும் சிலந்திகளும் எறும்புகளும். கூன்வண்டுகள் விழுந்தவுடன் கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். அவற்றைக் காய்ந்த மொட்டு என்று நினைத்து உதறிவிடுகிறவர்கள் பலர். ஒரு நிமிடம் அசையாமல் பொறுத்திருந்தால் அவை கால் நீட்டி நடக்கத் தொடங்கும். மண்ணளந்தான் புழுக்களும் அப்படித்தான். குச்சியோடு குச்சியாய் விறைத்து நிற்கும்.

எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை. பொறிவண்டு, கும்பிடுபூச்சி, பொன்வண்டு, பட்டாம்பூச்சிப் புழு போன்று பார்த்தவுடன் அடையாளம் சொல்லக்கூடியவற்றைப் படமெடுத்து, எண்ணி, அதே மரத்தில் விட்டுவிடுங்கள். கைலென்ஸில் அடையாளம் தெரியாதவற்றை மட்டும், ஒவ்வொரு வகையிலும் ஓரிரண்டை, 70 விழுக்காடு ஆல்கஹாலில் இடலாம். அந்துப்பூச்சிகளையும் பட்டாம்பூச்சிகளையும் ஆல்கஹாலில் போட்டால் இறகின் செதில் கழன்று அடையாளமே அழிந்துவிடும். அவற்றை மடித்த காகித உறையில் உலர்வாக வைக்க வேண்டும். குப்பிக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, ஊரும் நாளும் மரமும் தெரியாத பிணம் மட்டுமே மிஞ்சும். நாள், ஊர், மரத்தின் இனம், மர எண், உயரம், முறை, சேகரித்தவர் ஆகிய ஏழும் இல்லாத மாதிரியால் யாருக்கும் பயனில்லை.

எர்வின் செய்ததைப் போலப் புகையடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் அதற்கு விரைவில் சிதைந்துவிடும் பைரித்ரம் வகை மருந்தை, காற்றில்லாத விடியற்காலையில், குறிப்பிட்ட அளவில் பயன்படுத்துகிறார்கள். தோட்டத்து விசைத்தெளிப்பானில் கடை மருந்தை நிரப்பி மரத்தில் அடிப்பது அதற்கு ஈடாகாது. தேனீயும் ஒட்டுண்ணிக் குளவியும் சாகும். மருந்து உங்கள் மேலேயே படியும். மறுமுறை கணக்கெடுக்க அந்த மரத்தில் ஒன்றும் மிஞ்சாது. செய்யவே வேண்டாம்.

சிலந்திகளுக்குத் தனிக் கவனம்

எட்டுக் கால், தலைநெஞ்சும் வயிறும் என இரண்டே உடற்பகுதி என்பது எல்லாருக்கும் தெரிந்த இலக்கணம். ஆனாலும் முசுறு இருக்கும் மரத்தில் அந்த இலக்கணத்தை எண்ணித்தான் பார்க்க வேண்டும். முசுறு எறும்புகள் தம் புழுக்களின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் பச்சை இலைகளை இணைத்துக் கூடு தைக்கின்றன. அந்தக் கூட்டின் அருகே, அதே செம்பழுப்பு நிறத்தில், ஒடுங்கிய இடையோடு ஒரு ‘எறும்பு’ முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி அசைத்தபடி நடக்கும். விரல் நுனியை அருகே கொண்டுபோங்கள். எறும்பானால் தாடையை விரித்து எதிர்க்கும், சிலந்தியானால் இலையின் மறுபக்கத்துக்கு நழுவும் அல்லது நூலில் தொங்கி இறங்கும். கைலென்ஸில் பார்த்தால் முன்னால் இரண்டு பெரிய கண்கள் உருண்டு தெரியும். அது எறும்பை ஒத்த குதிக்கும் சிலந்தி. ஆண் சிலந்தியின் முன்தாடைகள் நீண்டு பருத்திருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதுபோலத் தோன்றும். தட்டித் துணியில் விழவைத்தால் எறும்புக் கூட்டத்துக்குள் இதைக் கண்டுபிடிப்பது கடினம். முசுறு மரத்தில் தட்டும் முன்பு கால் மணி நேரம் கண்ணால் பார்த்து எழுதிவிட வேண்டும்.

அடிமரத்தையும் பருங்கிளைகளையும் விட்டுவிடாதீர்கள். வேம்பு, புளி ஆகியவற்றின் பட்டையில், பட்டை நிறமே தன் நிறமாகத் தலைகீழாக ஒட்டிக் கிடக்கும் இருவால் சிலந்தியைத் துணி ஒருபோதும் காட்டாது. அதன் பின்புறத்தில் இரண்டு வால் போல நீண்டிருப்பவை நூல் சுரக்கும் உறுப்புகள். பூச்சி ஒன்று அருகே வந்தால், சிலந்தி அதைச் சுற்றிச் சுற்றி வேகமாக ஓடி நூலால் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடும். பக்கவாட்டில் டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

சிலந்திக் கணக்கில் பாதி வேலை இரவில்தான். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, தலையில் கட்டும் விளக்கோடு, அதே மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வாருங்கள். விளக்கு உங்கள் கண்ணுக்கு ஒட்டிய உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் வலை கட்டாமல் ஓடி வேட்டையாடும் பெரிய சிலந்திகளின் கண்களில் பட்ட ஒளி நேராக உங்களிடம் திரும்பிவரும். பகலில் வெறுமையாகத் தெரிந்த கொப்புகளுக்கு நடுவே வட்ட வலைகளைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பவையும் அப்போதுதான் தெரியும். பல இனங்கள் அந்த வலையை விடியும் முன் தின்றே எடுத்துவிடுகின்றன. ஒரு மரத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்புக்குப் பூட்ஸ் அவசியம். யானை நடமாட்டம் உள்ள மலையடிவார ஊர்களில் இரவுக் கணக்கே வேண்டாம்.

கொறங்காட்டு வேலியிலும் முள்மரங்களிலும் சருகும் நூலும் பின்னிய அழுக்கு நிறப் பந்து ஒன்று, அதிலிருந்து நாலா பக்கமும் விரியும் படர்வலையோடு தென்பட்டால், அதைத் தட்ட வேண்டாம். அது ஒன்றாக வாழும் சமூகச் சிலந்திகளின் கூடு; ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கானவை இருக்கக்கூடும். சிக்கிய வெட்டுக்கிளியைப் பல சிலந்திகள் சேர்ந்து இழுத்துப் போவதை மாலையில் நின்று பார்க்கலாம். உலகில் அறியப்பட்ட 50,000க்கு மேற்பட்ட சிலந்தி இனங்களில் இப்படிக் கூடி வாழ்பவை மிகச் சில. அவற்றில் ஒன்று நம் வேலியிலேயே இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. வேலி திருத்தும்போது அதைத் தீயிட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெருத்த வருத்தம். கூட்டின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு கூட்டின் குறுக்களவையும், தாங்கும் மரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேகரித்த சிலந்திகளில் பெரும்பகுதி இளசுகளாகவே இருக்கும். இளஞ்சிலந்தியை இனம் வரை அடையாளம் காண்பது பெரும்பாலும் முடியாது, ஏனென்றால் இனத்தைப் பிரித்துச் சொல்வது முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. முகத்தருகே உள்ள இரண்டு சிறு உணர்கால்களின் நுனி குமிழ்போலப் பருத்திருந்தால் அது வளர்ந்த ஆண். மற்றவற்றைக் குடும்ப அளவில் எழுதினால் போதும்.

சாக்குப் பட்டையும் வெள்ளைத் திரையும்

மேலும் கீழும் போய்வரும் உயிர்களுக்கு, அடிமரத்தில் மார்பளவு உயரத்தில் ஒரு முழ அகலச் சாக்கை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டி, ஒரு வாரம் கழித்துக் காலையில் அவிழ்த்துப் பாருங்கள். பகலில் ஒளிய இடம் தேடும் கரப்பினங்கள், பூரான், பட்டைச் சிலந்திகள், கூட்டுப்புழு ஆகியவை மடிப்புக்குள் இருக்கும். தேளும் இருக்கலாம், வெறுங்கையால் அவிழ்க்கக் கூடாது.

அமாவாசையை ஒட்டிய இரவில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் புற ஊதா விளக்கை எரியவிட்டால் அந்துப்பூச்சிகள் ஏராளமாக வரும். ஆனால் அவை எந்த மரத்திலிருந்து வந்தன என்று சொல்ல முடியாது. ஊரின் அந்துப்பூச்சிப் பட்டியலுக்கு அது உதவும். மரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இலைக்குள்ளும் காய்க்குள்ளும் பார்த்தல்

விதானத்தின் பல உயிர்கள் துணியில் விழவே விழா, ஏனெனில் அவை இலைக்குள் வாழ்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் இருநூறு இலைகளை, முற்றலும் துளிருமாகக் கலந்து பறித்து, நான்கு கேள்விகளோடு பாருங்கள்: கடித்த இடம் உண்டா, சுரங்கம் உண்டா, கொப்புளம் உண்டா, சுருட்டியோ ஒட்டியோ வைத்திருக்கிறதா? புங்கன் இலையில் விரல் விரலாகப் புடைத்து நிற்கும் கொப்புளங்களைப் பார்க்காத கொங்கு நாட்டார் இருக்க முடியாது. அவற்றுள் ஒன்றைச் சவரத்தகட்டால் பிளந்து கைலென்ஸில் பார்த்தால், உள்ளே வெண்மையாக நெளிவது பூச்சியன்று, சிலந்தியின் உறவான சிலந்திப்பேன். அதே இலையில் வெளிறிய கொப்புளம்போல் விரிந்த தடம் இருந்தால் அது இலைச்சுரங்கப் புழு வேலை. அந்த இலையை மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சோடு வைத்துத் தினமும் பாருங்கள். சில நாளில் சிறு அந்துப்பூச்சியோ, அதற்குப் பதிலாக அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவியோ வெளிவரும். எது வந்தாலும் அது மரத்தின் கணக்கில் ஒரு வரி.

ஆலம்பழத்தில் இந்த வேலை இன்னும் சிறப்பாக அமையும். சற்றுக் கனிந்த, ஆனால் துளையில்லாத பழத்தைக் கூரிய கத்தியால் நெடுக்காகப் பிளந்து, உடனே கைலென்ஸை வையுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான நுண்பூக்கள். அவற்றுக்கிடையே இறகில்லாத, மஞ்சள் கலந்த ஆண் குளவிகள். இறகுள்ள கருநிறப் பெண் குளவிகள். ஆல மரத்தின் மகரந்தச் சேர்க்கை தனக்கென்று உள்ள ஒரு குளவியினத்தையே நம்பியிருக்கிறது. ஆண் குளவிகள் பழச்சுவரைக் குடைந்து வழி செய்து கொடுக்க, பெண் குளவிகள் மகரந்தத்தோடு வெளியேறிக் காய்க்கும் வேறொரு ஆலைத் தேடிப் பறக்கின்றன. அதே பழத்தில், மகரந்தம் சுமக்காமல் வெளியிலிருந்தே நீண்ட முட்டையிடு குழலைச் செலுத்தி முட்டையிட்டுப் போகும் வேறு குளவிகளின் பிள்ளைகளும் இருக்கும். சாலை அகலப்படுத்த ஓர் ஆலை வெட்டும்போது போவது நிழல் மட்டுமன்று. சுற்றுவட்டாரத்தில் எஞ்சிய ஆல்களுக்கு இடையிலான இந்தப் போக்குவரத்தில் ஒரு நிலையமும் போகிறது.

வேம்பின் நுனிக்கொழுந்து கருகிக் காய்வதைச் சில ஆண்டுகளாக எல்லா ஊரிலும் பார்க்கிறோம். பருவமழைக்குப் பின் காயும் கொழுந்தைப் பார்க்கும்போது, தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் நாவாய்ப்பூச்சியைத் தேடுங்கள். அது கொசுவன்று, மெலிந்த உடல், நீண்ட உணர்கொம்பு, முதுகில் குண்டூசி குத்தி நிறுத்தியதுபோல ஒரு சிறு கொம்பு. அந்தக் கொம்பே உறுதியான அடையாளம். நுனிக் கருகலுக்குப் பூஞ்சையும் காரணமாக இருப்பதால், பூச்சியைக் கண்ணால் பார்த்த கொப்புகளையும் கருகல் மட்டும் உள்ள கொப்புகளையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

தென்னையின் விதானத்தைத் தட்ட முடியாது. காய் வெட்டும் நாளில் மரமேறியிடம் சொல்லி, அடிமட்டையில் இரண்டை வெட்டிப் போடச் செய்யுங்கள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் வடிவில் வெண்மெழுகு பூசிய முட்டைகளையும், கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் படியும் கரும்பூஞ்சாணத்தையும் வைத்து அதை அறியலாம். அதோடு நிறுத்திவிடாமல், வெறுமையான கூட்டுப்புழுத் தோல்களைக் கைலென்ஸில் பார்த்து எண்ணுங்கள். ஈ வெளிவந்த தோல் முதுகில் ‘T’ எழுத்து வடிவில் பிளந்திருக்கும். என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி வெளிவந்த தோலில் வட்டமாகக் கத்தரித்த சிறு துளை இருக்கும். நூறு தோல்களில் வட்டத்துளை எத்தனை என்ற எண், மருந்தடிக்க ஆள் கூப்பிடும் முன் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டிய எண். வட்டத்துளைகள் மிகுந்திருக்கும் தோப்பில் மருந்தடித்தால் முதலில் அழிவது நமக்காக உழைக்கும் குளவிதான்.

எண்ணியதை ஒழுங்குபடுத்துதல்

வீட்டுக்கு வந்தவுடன், அன்றே, வெள்ளைத் தட்டில் கொட்டித் தரம் பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் தெரிய வேண்டும் என்று காத்திருந்தால் வேலை நடக்காது. பார்வைக்கு ஒன்றுபோல் உள்ளவற்றை ஒரு வகையாக வைத்து ‘கூன்வண்டு 1’, ‘கூன்வண்டு 2’, ‘நண்டுச் சிலந்தி 1’ என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாதிரிப் படம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மரத்துக்கும் அதே எண்களே நடக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையையும் தொழிலால் பிரியுங்கள்: இலை கடிப்பவை, சாறு உறிஞ்சுபவை, இரைவிழுங்கிகள், ஒட்டுண்ணிகள், எறும்புகள், காய்ந்ததையும் பூஞ்சையையும் தின்பவை, வெறுமனே வந்து தங்கியவை. கடைசி வகையைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து இளைப்பாற வந்த ஈயை மரத்தின் குடியாக எழுதிவிடக் கூடாது.

தனித்தனி எண்ணிக்கையைவிட இந்தத் தொழில்களுக்கு இடையிலான விகிதமே அதிகம் பேசும். இரண்டு தோட்டத்து வேம்புகளில் சாறு உறிஞ்சிகள் ஒரே அளவில் இருந்து, ஒன்றில் சிலந்தியும் பொறிவண்டும் நிறைந்தும் மற்றதில் ஏறத்தாழ இல்லாமலும் இருந்தால், இரண்டாவது தோட்டத்தில் என்ன மருந்து, எப்போது அடிக்கப்பட்டது என்று விசாரிக்க வேண்டிய இடம் அது. ஒன்றும் விழாத கொப்பையும் ‘0’ என்று கட்டாயம் எழுதுங்கள். பூஜ்யங்களை விட்டுவிட்டால் சராசரி பொய்யாக உயர்ந்துவிடும்.

எத்தனை மரம் போதும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் மரத்தில் கிடைத்த வகைகள், இரண்டாவதில் புதிதாகச் சேர்ந்தவை, மூன்றாவதில் புதிதாகச் சேர்ந்தவை என்று கூட்டிக்கொண்டே போய், அந்தந்த மரம் வரையிலான மொத்தத்தைக் கட்டத்தாளில் கோடாக வரைந்து வாருங்கள். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும் வரை உங்கள் பட்டியல் முழுமையடையவில்லை. அது ஏறுவது குறைந்து படுக்கையாகத் தொடங்கும்போதுதான் இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். அப்போதும் சம எண்ணிக்கையுள்ள மரங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். தட்டும் முன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மலைத்தேனீ அடையோ கதண்டுக் கூடோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். முருங்கையில் அடிமரத்தை அப்பிக் கிடக்கும் கம்பளிப்புழுவின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும்; முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்தே தட்ட வேண்டும். மின்கம்பி போகும் தோட்டத்தில் அலுமினியத் தொரட்டியைத் தூக்கக் கூடாது.

பெயர் காண உதவி வேண்டுமானால், கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தை முதலில் ஒருமுறை பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். குடும்பங்களைப் பிரித்தறியக் கண் பழகிவிடும். காட்டு மரங்களின் பூச்சிகளுக்கு அதே ஊரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் இருக்கிறது. மாதிரியைக் கொண்டு போகும்போது குப்பியை மட்டும் கொடுக்காமல், அதனோடு அந்த மரத்தின் முழுப் பதிவுத்தாளின் நகலையும், உயிரோடு இருந்தபோது எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்; ஆல்கஹாலில் நிறம் வெளுத்துவிடும் என்பதால், சிலந்திக்கு அந்தப் படம் பாதி அடையாளம். குப்பிகளை வெயில் படாத அலமாரியில் நிற்கவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆல்கஹாலின் மட்டத்தைப் பார்த்து நிரப்பி வாருங்கள்.